ரப்பர் பேண்ட் விசையில் பந்து ஏவும் கருவி: இயற்பியலோடு முழுமையான செய்முறை

ரப்பரை இழுத்து விட்டால் பந்து பறக்கும். அதற்கு வழிகாட்டி தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிற பந்து, எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடிகிற கருவி, இவைதான் கடினம். புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் முதலில் குழாயை அறுக்கிறார்கள், கடைசியில் ரப்பரைத் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். ரப்பரை முதலில் அளக்க வேண்டும். குழாயின் நீளம், துளைகளின் இடம், தள்ளுகட்டையின் எடை எல்லாம் அந்த அளவிலிருந்துதான் வரும்.

இங்கே செய்யப்போவது, குழாய்க்குள் ஓடும் ஒரு தள்ளுகட்டை பந்தைத் தள்ளி அனுப்பும் வகை. கவண் வகையைவிட இதில் திசை சிதறாது, இழுவையைத் துல்லியமாக வைக்கலாம், பூட்டி வைத்து எட்ட நின்று விடுவிக்கலாம்.

1. எந்தப் பந்து என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு பந்துகள் வேண்டும்: ஒரு ஸ்குவாஷ் பந்து, ஒரு டேபிள் டென்னிஸ் பந்து. இரண்டுக்கும் விட்டம் 40 மி.மீ. முன்னதன் நிறை சுமார் 24 கிராம், பின்னதன் நிறை 2.7 கிராம். ஒரே குழாயில், ஒரே இழுவையில், ஏறத்தாழ ஒன்பது மடங்கு நிறை வேறுபாடுள்ள இரண்டு பந்துகளை ஏவிப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. இந்தக் கருவி கற்றுத்தரும் முக்கியமான இயற்பியல் அந்த ஒப்பீட்டில்தான் வெளிப்படும்.

கண்ணாடிக் கோலி, இரும்புக் குண்டு, கல், மரப்பந்து எதையும் இதில் போடக் கூடாது. ஸ்குவாஷ் பந்துகூடக் கண்குழிக்குள் பொருந்தும் அளவுள்ளது. எனவே கருவியின் அருகில் நிற்கும் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ரப்பர் அறுந்தால் அது பின்னோக்கித் தெறிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2. தேவையான பொருட்கள்

குழாய்: உள்விட்டம் 42 முதல் 43 மி.மீ. உள்ள பிவிசி குழாய், 28 செ.மீ. நீளம். வாங்கும்போது பந்தைக் கையோடு கொண்டுபோய், குழாயைச் சற்றே சாய்த்துப் போட்டுப் பாருங்கள். பந்து தானாக உருண்டு வெளியே வர வேண்டும், ஆனால் ஆட்டினால் கடகடவென்று அடிக்கக் கூடாது. குழாயின் பின்முனைக்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றும் வேண்டும்.

தள்ளுகட்டை: 38 மி.மீ. விட்டமும் 3 செ.மீ. நீளமும் உள்ள, எடை குறைந்த மர உருளை. அதன் பின்னால் செருக 10 மி.மீ. தடிமனும் 24 செ.மீ. நீளமும் உள்ள உருண்டை மரக்குச்சி. இதை வால்குச்சி என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே செருக 6 மி.மீ. தடிமனில் 9 செ.மீ. நீள மூங்கில் குச்சி ஒன்று.

மற்றவை: 12 மி.மீ. பிளைவுட், இரண்டு திருகு கொக்கிகள், ஒரு ஹோஸ் கிளிப், 3 மி.மீ. தடிமனுள்ள வழவழப்பான ஆணி, வால்குச்சி நுழையும் அளவு ஓட்டையுள்ள வாஷர், கம்பளித் துணித் துண்டு, பாகைமானி, நூல், நட், மெழுகு, உப்புத்தாள், சி-கிளாம்ப் இரண்டு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு கட்டாயம் வேண்டும்.

ரப்பர் பேண்ட்: தட்டையாக வைத்தால் 8 செ.மீ. நீளம் வரும் ஒரே பாக்கெட்டுப் பேண்டுகள். பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு போதும், ஆனால் பத்துப் பன்னிரண்டு எடுத்துவையுங்கள். அளவெடுக்கும்போது சில கழிந்துபோகும்.

3. ரப்பரை அளந்து வரைபடம் போடுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டுக் கருவி செய்பவர்கள், பின்னால் எது தவறினாலும் காரணம் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பார்கள்.

புதிய ரப்பர் முதல் சில இழுவைகளில் விறைப்பாக இருக்கும், பிறகு தளர்ந்து ஒரு நிலைக்கு வரும். ஆகவே அளக்கும் முன் ஒவ்வொரு பேண்டையும் பயன்படுத்தப்போகும் அளவுக்கு ஐந்தாறு முறை இழுத்து விடுங்கள். பிறகு நான்கையும் மேசை விளிம்பில் கட்டிய குச்சியில் மாட்டி, கீழே குறுக்குக்குச்சியைத் தொங்கவிட்டு, அதில் ஒரு துணிப்பையைக் கட்டுங்கள்.

எடைக்கற்கள் தேவையில்லை. சிறு பிளாஸ்டிக் பைகளில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டால் ஒவ்வொன்றும் 100 கிராம், அதாவது 0.98 நியூட்டன் விசை. துணிப்பை, குச்சி ஆகியவற்றின் எடையையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலமாகப் போட்டு, பத்து விநாடி பொறுத்து, ரப்பர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று குறியுங்கள். நீட்சி 12 செ.மீ. வந்ததும் நிறுத்திவிட்டு, அதே பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்தபடி மறுபடியும் குறியுங்கள். ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது இன்னொரு கோடு கிடைக்கும்.

கணக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதிரி அளவை எடுத்துக்கொள்வோம். நான்கு பேண்டுகளும் சேர்ந்து:

நீட்சி 2 செ.மீ.: ஏறும்போது 3.0, இறங்கும்போது 2.4 நியூட்டன்
நீட்சி 4 செ.மீ.: 4.6, 3.7
நீட்சி 6 செ.மீ.: 6.0, 5.0
நீட்சி 8 செ.மீ.: 7.4, 6.5
நீட்சி 10 செ.மீ.: 8.9, 8.1
நீட்சி 12 செ.மீ.: 10.6, 10.6

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது நேர்கோடு அல்ல. பாடப்புத்தகத்தில் வரும் ஹூக் விதி (நீட்சியும் விசையும் ஒரே விகிதத்தில் கூடும் என்பது) சுருள்வில்லுக்கு நன்றாகப் பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. தொடக்கத்தில் விசை சட்டென்று ஏறி, நடுவில் தணிந்து, கடைசியில் மறுபடி ஏறும். அதனால் ‘அரை × மாறிலி × நீட்சியின் வர்க்கம்’ என்ற சூத்திரத்தை இங்கே போடாதீர்கள். கோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் கூட்டினால்தான் சரியான ஆற்றல் கிடைக்கும்.

இரண்டு, ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றல்ல. இடையிலுள்ள பரப்பு ரப்பருக்குள்ளேயே வெப்பமாகப் போய்விடுகிறது. பந்துக்குக் கிடைப்பது இறங்கும் கோட்டின் பரப்பு மட்டும்.

4. ஆற்றலைக் கூட்டுங்கள்

நீட்சி 2 செ.மீ.இலிருந்து 12 செ.மீ. வரை, இரண்டிரண்டு செ.மீ. பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையின் இரு முனை விசைகளின் சராசரியை 0.02 மீட்டரால் பெருக்கிக் கூட்டுங்கள். மேலே உள்ள அளவுகளுக்கு ஏறும் கோட்டில் 0.674 ஜூல், இறங்கும் கோட்டில் 0.596 ஜூல் வரும். அதாவது நீங்கள் கொடுத்ததில் 12 சதவீதம் ரப்பரே விழுங்கிவிட்டது.

ஏன் சுழியத்திலிருந்து தொடங்கவில்லை? கருவியில் தள்ளுகட்டை முன்பக்கம் முட்டி நிற்கும்போதே ரப்பர் 2 செ.மீ. நீண்டிருக்கும்படி அமைக்கப்போகிறோம். அந்த முன்னிழுவை இல்லாவிட்டால் கடைசிக் கட்டத்தில் ரப்பர் தொய்ந்து, தள்ளுகட்டை உராய்வால் வேகம் குறையும், பந்து அதைவிட்டு எந்த இடத்தில் பிரிந்தது என்றே சொல்ல முடியாது. முன்னிழுவை இருந்தால் முட்டும் நொடிவரை ரப்பர் தள்ளிக்கொண்டே இருக்கும், பந்து ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் பிரியும்.

12 செ.மீ. என்ற மேல் எல்லைக்கும் காரணம் உண்டு. 8 செ.மீ. பேண்ட் அப்போது 20 செ.மீ. ஆகிறது, அதாவது இரண்டரை மடங்கு. மூன்று மடங்கைத் தாண்டாமல் இருந்தால் பேண்ட் நிறைய முறை தாங்கும், அளவும் மாறாது. அறுபடும் எல்லைவரை இழுத்துக் கிடைக்கும் கூடுதல் தூரம், சிதறலிலும் ஆபத்திலும் போய்விடும்.

5. குழாயில் குறியிட்டு வெட்டுதல்

எல்லா அளவும் குழாயின் வாயிலிருந்து. இரு பக்கமும் நேர் எதிரெதிராக 11.5 செ.மீ.இல் தொடங்கி 23 செ.மீ. வரை 7 மி.மீ. அகலமுள்ள நீள்பிளவு வேண்டும். குறுக்குக்குச்சி இதில் ஓடும்.

எதிரெதிர் பக்கங்களைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு தாள் பட்டையைக் குழாயைச் சுற்றி, ஒட்டும் இடத்தில் வெட்டி, இரண்டாக மடித்தால் பாதிச் சுற்றளவு கிடைக்கும். அதை வைத்து இரு முனைகளிலும் குறியிடுங்கள். நேர்கோடு போட, குழாயைச் சமதளத்தில் கிடத்திப் பக்கத்தில் ஒரு தடித்த பலகையை அணைத்து, அதன் விளிம்போடு பென்சிலை ஓட்டுங்கள்.

பிளவின் இரு முனையிலும் 7 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, நடுப்பகுதியை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் சமன்செய்யுங்கள். முனைகளை வட்டமாகத் துளையிடுவது அழகுக்காக அல்ல. சதுர மூலையில்தான் பிவிசி விரிசல் விடத் தொடங்கும், தள்ளுகட்டை ஒவ்வொரு முறையும் அந்த முனையில்தான் வந்து இடிக்கிறது. உட்புறப் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். விரலை விட்டுத் தடவினால் எதுவும் தட்டுப்படக் கூடாது.

6. தள்ளுகட்டை, வாய்ப்பலகை, பின்மூடி

தள்ளுகட்டையின் நடுவில் வால்குச்சியைச் செருகி ஒட்டுங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு, தள்ளுகட்டையின் குறுக்கே துளையிட்டு, குழாய்க்குள் விட்டு, பிளவின் வழியாக அந்தத் துளையில் குறுக்குக்குச்சியைச் செருகுங்கள். குச்சி இரு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிளவின் முன்முனையில் கம்பளித் துணியை மடித்து ஒட்டினால் இடியைத் தாங்கிக்கொள்ளும். துணி ஒட்டிய பிறகு குச்சி வாயிலிருந்து 12 செ.மீ.இல் நிற்க வேண்டும்.

கொக்கிகளை நேரடியாகக் குழாயில் திருகாதீர்கள். உள்ளே நீட்டும் திருகுமுனை பந்தைக் கிழிக்கும். 9 செ.மீ. சதுரப் பிளைவுட்டில் குழாயின் வெளிவிட்டத்துக்கு ஓட்டை போட்டு, வாயருகே மாட்டி, அதன் பின்புறம் ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள். ரப்பர் பலகையைப் பின்னோக்கி இழுப்பதால் கிளிப் பின்னால் இருந்தால்தான் தாங்கும். முன்னால் போட்டால் பத்தாவது ஏவுதலுக்குள் பலகை நகர்ந்துவிடும், தூரம் ஏன் குறைகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கொக்கிகள் வாயிலிருந்து 2 செ.மீ.இல், குறுக்குக்குச்சியின் மட்டத்தில் அமையட்டும். அப்போது கொக்கிக்கும் குச்சிக்கும் இடையே 10 செ.மீ. இருக்கும். பேண்டின் 8, முன்னிழுவை 2.

பின்மூடியின் நடுவில் வால்குச்சி தாராளமாக ஓடும் 12 மி.மீ. ஓட்டை, அதன்மேல் வாஷர். பூட்டு ஆணி மெல்லிய பிவிசியில் அழுந்தாமல் வாஷரில் அழுந்த வேண்டும்.

7. பூட்டுத் துளைகள்: கடைசியில்தான்

வால்குச்சியில் ஆணித் துளைகளை முன்கூட்டியே போட்டுவிடுவது மிகச் சாதாரணமான தவறு. மூடியின் தடிமன், துணியின் தடிமன், பசை என்று எல்லாம் சேர்ந்து சில மில்லிமீட்டர் மாறிவிடும். முழுதும் பொருத்திய பிறகு, ரப்பர் மாட்டாமல், தள்ளுகட்டையை முன்னால் முட்டவைத்து, வாஷரின் வெளிமுகத்தில் வால்குச்சியில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து தள்ளுகட்டையை நோக்கி 2, 4, 6, 8, 10 செ.மீ.இல் 3.2 மி.மீ. துளைகள் இடுங்கள். குச்சியைப் பின்னால் இழுக்கும்போது இவை ஒவ்வொன்றாக வெளியே வரும். வேண்டிய துளையில் ஆணியைச் செருகினால் கருவி பூட்டிக்கொள்ளும். ஆணியில் 50 செ.மீ. நூல் கட்டி இழுத்தால் விடுபடும். ஆணிக்கு மெழுகு தடவுங்கள், இல்லாவிட்டால் வெடுக்கென்று இழுக்க நேர்ந்து குழாயே ஆடும்.

குச்சியின் கடைசியில் பிடிப்பதற்காக மரக்குமிழ் ஒட்ட நினைக்க வேண்டாம். அந்த எடையும் சேர்ந்துதான் முன்னோக்கி ஓட வேண்டும். ஒரு நூல் வளையம் போதும்.

8. தாங்கி

கனமான அடிப்பலகை, இரண்டு செங்குத்துப் பலகைகள், நடுவில் குழாயைப் பிடிக்கும் தொட்டில், அதை இறுக்க இரண்டு போல்ட். குழாயில் பாகைமானியை ஒட்டி, நூலில் நட் கட்டித் தூக்குநூலாகத் தொங்கவிட்டால் கோணம் நேரே தெரியும். அடிப்பலகையை மேசையில் இரண்டு சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

இந்த இறுக்கத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். தள்ளுகட்டை முட்டி நிற்கும் அந்த நொடியில் பந்து இன்னும் குழாய்க்குள்தான் இருக்கிறது. வாய்வரை அதற்கு இன்னும் எட்டு ஒன்பது செ.மீ. பயணம், சுமார் 0.02 விநாடி பாக்கி. அந்த இடைவெளியில் 30 கிராம் தள்ளுகட்டை கொடுத்த இடி குழாயை அசைத்துவிட்டால், பந்து வெளியேறும்போது கோணம் நீங்கள் வைத்த கோணமாக இருக்காது. குழாயின் வாயில் விரல் நுனியை லேசாக அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு அசைந்தால் போல்ட்டை இன்னும் இறுக்க வேண்டும்.

9. வேகத்தைக் கணக்கிடுங்கள், பிறகு ஏவுங்கள்

ரப்பரைக் கழற்றிவிட்டு, குழாயைக் கிடைமட்டமாக வைத்து, தள்ளுகட்டையில் கட்டிய நூலை வாய்வழியே மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, சிறு பையைத் தொங்கவிட்டுத் தண்ணீர் சேருங்கள். கட்டை சீராக நகரத் தொடங்கும் எடைதான் உராய்வு. 40 கிராம் என்றால் 0.4 நியூட்டன். 10 செ.மீ. தூரத்துக்கு 0.04 ஜூல் போகும். மிச்சம் 0.596 − 0.04 = 0.556 ஜூல்.

இந்த ஆற்றல் பந்துக்கு மட்டும் போவதில்லை. அசையும் எல்லாவற்றுக்கும் பங்கு போகும்: தள்ளுகட்டைத் தொகுதி 30 கிராம், ரப்பரின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 1 கிராம், பந்து 24 கிராம். ரப்பரின் ஒரு முனை நிற்கிறது, மறுமுனை முழு வேகத்தில் ஓடுகிறது, அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 55 கிராம். இரு மடங்கு ஆற்றலை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 4.5 மீட்டர்.

இப்போது டேபிள் டென்னிஸ் பந்து. மொத்தம் 33.7 கிராம், வேகம் விநாடிக்கு 5.7 மீட்டர். ஒன்பது மடங்கு இலேசான பந்து, வேகத்தில் முன்னதைவிட 28 சதவீதம்தான் அதிகம்! பெரும்பாலானோர் எதிர்பார்ப்பது இதைவிட மிகப் பெரிய வித்தியாசம். ஸ்குவாஷ் பந்து ஆற்றலில் 44 சதவீதத்தை வாங்கிக்கொண்டு போகிறது. டேபிள் டென்னிஸ் பந்துக்கோ 8 சதவீதம்தான், மற்றதெல்லாம் தள்ளுகட்டையோடு கம்பளித் துணியில் போய் இடிக்கிறது.

ஆகவே கருவியை மேம்படுத்த ரப்பரைக் கூட்டுவதற்கு முன் தள்ளுகட்டையை இலேசாக்குங்கள். திட மர உருளைக்குப் பதில், 5 மி.மீ. பிளைவுட் வட்டங்கள் இரண்டை 8 மி.மீ. வால்குச்சியில் 3 செ.மீ. இடைவெளியில் ஒட்டி, நூற்கண்டுக் கட்டைபோல் செய்தால் தொகுதி 16 கிராமில் முடியும். இரண்டு வட்டங்கள் இருப்பதால் கட்டை சாயாது. அதே ரப்பரில் ஸ்குவாஷ் பந்தின் வேகம் 5.2 ஆகும், டேபிள் டென்னிஸ் பந்தின் வேகம் 7.5 ஆகும். ரப்பரை இரட்டிப்பாக்கினால் வேகம் சுமார் 1.4 மடங்கு ஆகும் என்றாலும், இடியும் இரட்டிப்பாகும், பிளவின் முனை விரைவில் உடையும்.

முதல் சோதனையைக் கிடைமட்டமாகச் செய்யுங்கள். வாயிலுள்ள பந்தின் அடிப்பகுதியிலிருந்து தரைவரை 75 செ.மீ. என்றால் விழ 0.391 விநாடி ஆகும். 4.5 மீட்டர் வேகத்துக்கு 1.76 மீட்டர் தள்ளி விழ வேண்டும். அந்த இடத்தில் வெள்ளைத் தாளும் மேலே கார்பன் தாளும் விரித்தால் புள்ளி பதியும். இலேசான பந்துக்குக் கார்பன் பதியாது, மெல்லிய சுண்ணப்பொடி தூவுங்கள்.

10. ஏவும் வரிசை

அ. முன்பக்கம் ஆளில்லை என்று பார்த்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிதல்.

ஆ. பந்தை முதலில் போடுதல், ரப்பரைப் பிறகு இழுத்தல். பூட்டிய கருவியின் வாயருகே கை போகவே கூடாது.

இ. வால்குச்சியை இழுத்து ஆணி செருகுதல். குழாய் மேல்நோக்கியிருந்தால் பந்து தானே பின்னால் உருண்டு வரும். கிடைமட்டமாக இருந்தால் வராது. பக்கவாட்டில் நின்று நீண்ட குச்சியால் பந்தைத் தள்ளுகட்டையோடு சேருங்கள். இடைவெளி இருந்தால் கட்டை ஓடிவந்து பந்தை அடிக்கும். தள்ளுவதும் அடிப்பதும் வேறு, கணக்கு பொருந்தாது.

ஈ. ஐந்து விநாடிக்குள் ஏவுதல். நீட்டிய நிலையில் வைத்திருந்தால் ரப்பர் மெல்ல மெல்லத் தளரும். அரை நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஏவியதும், உடனே ஏவியதும் ஒரே இடத்தில் விழாது.

உ. நூலை ஆணியின் நேர்த்திசையில் இழுத்தல். சாய்த்து இழுத்தால் ஆணி சிக்கும்.

பத்து முறை ஏவி, பத்துப் புள்ளிகளையும் பாருங்கள்.

11. புள்ளிகளைப் படித்துக் கோளாறைக் கண்டுபிடித்தல்

எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக விழுந்து, ஆனால் கணக்கிட்ட தூரம் வரவில்லை என்றால் எங்கோ ஆற்றல் போகிறது. 1.62 மீட்டரில் விழுந்தால் வேகம் 4.14, அசையும் மொத்த ஆற்றல் 0.472 ஜூல். காணாமல் போனது 0.084. 10 செ.மீ.க்கு அதைப் பகிர்ந்தால் 0.84 நியூட்டன் கூடுதல் உராய்வு. ரப்பர் இல்லாமல் அளந்தபோது இந்த உராய்வு ஏன் தெரியவில்லை? இடப்பக்கப் பேண்டும் வலப்பக்கப் பேண்டும் சம விசையில் இழுக்காவிட்டால் தள்ளுகட்டை குழாய்க்குள் கோணலாகத் திரும்பி, எதிர்மூலைகள் சுவரில் அழுந்தும். ரப்பரை மாட்டினால்தான் அந்த உராய்வு பிறக்கும். பேண்டுகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு 300 கிராம் எடையில் நீளம் பார்த்து, ஒத்தவற்றை இரு பக்கமும் பிரித்து மாட்டுங்கள். குறுக்குக்குச்சியின் இரு முனையும் பிளவில் ஒரே நேரத்தில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கத் துணி மட்டும் நசுங்கியிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

புள்ளிகள் முன்னும் பின்னுமாகச் சிதறினால் வேகம் மாறுகிறது. காத்திருக்கும் நேரம், பந்துக்கும் கட்டைக்கும் இடைவெளி, நகரும் வாய்ப்பலகை ஆகியவற்றைச் சோதியுங்கள். இடவலமாகச் சிதறினால் தாங்கி ஆடுகிறது, அல்லது குழாய்க்கும் பந்துக்கும் இடைவெளி அதிகம்.

வேகமா, கோணமா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஏவும் மட்டத்திலேயே பந்து விழும்படி ஒரு பலகை வைத்து, 45 டிகிரியில் பத்தும் 20 டிகிரியில் பத்தும் ஏவுங்கள். 45 டிகிரிக்கு அருகில் கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் தூரம் மாறுவதே தெரியாது. 20 டிகிரியிலோ ஒரு டிகிரிக்குச் சுமார் 5 செ.மீ. மாறும். 45இல் ஒன்றாக விழுந்து 20இல் சிதறினால் குற்றவாளி தாங்கிதான், ரப்பர் அல்ல.

12. சாய்த்து ஏவும்போது மாறுபவை

குழாயைச் சாய்த்தால் தள்ளுகட்டையும் பந்தும் மேலே ஏற வேண்டும். 54 கிராமை 45 டிகிரியில் 10 செ.மீ. தள்ள 0.037 ஜூல் செலவாகும். வேகம் 4.5இலிருந்து 4.34க்கு இறங்கும். சமமட்டத்தில் விழுந்தால் 1.92 மீட்டர் போகும்.

45 டிகிரிதான் அதிகத் தூரம் தரும் என்பது புறப்பட்ட மட்டத்திலேயே விழும்போது மட்டும் உண்மை. 75 செ.மீ. உயர மேசையிலிருந்து தரையில் விழுந்தால், இந்த வேகத்துக்குச் சிறந்த கோணம் சுமார் 37 டிகிரி. 45இல் 2.50 மீட்டர், 37இல் ஏறத்தாழ 2.56. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் கருவி ஒழுங்காக இருந்தால் அந்த 6 செ.மீ. தாளில் தெளிவாகத் தெரியும்.

இழுவையைப் பாதியாக்கினால் தூரம் பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 10 செ.மீ. ஓட்டத்துக்குப் பதில் 5 செ.மீ. என்றால் மாதிரி அளவின் இறங்கும் கோட்டின்படி ஆற்றல் சுமார் 34 சதவீதம்தான். சமமட்டத் தூரமும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் குறையும். ஒவ்வொரு துளைக்கும் இறங்கும் கோட்டைத் தனியாக அளப்பது நல்லது, எவ்வளவு நீட்டினோமோ அதைப் பொறுத்து அந்தக் கோடு மாறும்.

காற்றுத்தடை: ஸ்குவாஷ் பந்துக்கு 4.5 மீட்டர் வேகத்தில் அது எடையில் வெறும் 3 சதவீதம், தாராளமாக விட்டுவிடலாம். டேபிள் டென்னிஸ் பந்துக்கு 5.7 மீட்டரிலேயே எடையில் 40 சதவீதத்தைத் தாண்டும். அதைக் கூரையிலிருந்து போட்டாலே விநாடிக்கு சுமார் 9 மீட்டருக்குமேல் வேகம் ஏறாது. எனவே அந்தப் பந்துக்குக் காற்றில்லாக் கணக்குத் தரும் தூரத்தைவிடக் குறைவாகத்தான் விழும். மின்விசிறி ஓடினால் புள்ளிகள் ஒரு பக்கம் ஒதுங்கும், அணைத்துவிட்டு ஏவுங்கள்.

13. ரப்பரை எப்போது மாற்றுவது

வேலை முடிந்ததும் பேண்டுகளைக் கழற்றி, வெயில் படாத மூடிய டப்பாவில் வையுங்கள். முன்னிழுவையோடு கொக்கியில் தொங்கவிட்டால் நிரந்தரமாக நீண்டுவிடும். காற்றிலுள்ள ஓசோன், நீட்டிய ரப்பரில்தான் விரைவாக வெடிப்பு உண்டாக்கும். ஒவ்வொரு முறை மாட்டும் முன்னும் பேண்டை விரலில் சற்று விரித்து விளிம்பைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நான்கையும் மாற்றி, 3ஆம் படியிலிருந்து மறுபடி அளங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் தள்ளுகட்டை கோணலாகத்தான் ஓடும்.